சவுதாம்டன் தோற்றதென்று யார் சொன்னது? 1996 மே 5: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே 28, ஞாயிறு இரவு. வெள்ளவத்தையில் மட்டக்களப்பு மச்சானின் நாலாம் மாடி வீட்டில் எவர்ட்டன் – போர்ன்மத் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட எவர்ட்டன் ஆள் இல்லை. ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்த கரவெட்டி அண்ணையைச் சாட்டி ஒன்றுகூடல். கூடினதற்குச் சாட்டாக ஆட்டம். இங்கிலாந்து உதைபந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்கின் கடைசி நாள். கிண்ணம் யாருக்கு என்பது எப்போதோ முடிந்துவிட்டது. கடைசி மூன்று அணிகள் அடுத்த நிலைக்கு இறங்கும்; கீழே யார் விழுவது என்பதுதான் மிச்சம். எவர்ட்டனுக்கு 33 புள்ளி, லெஸ்டருக்கும் லீட்ஸுக்கும் 31. லெஸ்டர் தன் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டதும் எவர்ட்டன் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இனி வென்றே ஆகவேண்டும்.

57ஆவது நிமிடம். திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்க, ஹட்டன் தம்பியின் போன் மேசையில் நடுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, "கோல்ண்ணே. டுகூரே" என்றான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தோம். கோல் வந்துசேர அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இணையத்தில் பிடித்த ஒளிபரப்பு, நடந்ததற்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வரும். வரப்போவது தெரிந்திருந்தும், எவர்ட்டனின் டுகூரே உதைத்தபோது மச்சான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். அது தனிக் கதை.

கரவெட்டி அண்ணை மட்டும் அசையவில்லை. "உந்தப் போன் அண்டைக்கு இருந்திருந்தா" என்றார்.

எண்டைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து, பத்து நிமிட மேலதிக நேரமும் முடிந்து, எவர்ட்டன் 1–0 என்று தப்பி, லெஸ்டரும் லீட்ஸும் இறங்கியதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நள்ளிரவு தாண்டியும் 1996 மே 5ஐப் பற்றித்தான், சவுதாம்டன் தோற்றதென்று யார் சொன்னது என்பதைப் பற்றித்தான் சண்டை. நான் உள்ளகக் கணக்காய்வில் இருந்தவன். ஒரு கோப்பு திறந்தால் மூடாமல் விட வராது. எழுதித் தருகிறேன் என்று அன்றிரவு வாய்விட்டுவிட்டேன்.

மெயின் ரோட்டில் நடந்தது

மெயின் ரோட் என்பது மன்செஸ்டர் சிட்டியின் அந்த நாளைய சொந்த மைதானம். 1996 மே 5ஆம் திகதியும் ஞாயிற்றுக்கிழமைதான். போல்டனும் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் ஏற்கெனவே இறங்கிவிட்டன. மூன்றாவதாக யார் என்பதற்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்: மன்செஸ்டர் சிட்டி, சவுதாம்டன், கொவென்ட்ரி. மூவருக்கும் 37 புள்ளி. கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கில்தான் பள்ளம். சிட்டிக்கு மைனஸ் 25, மற்ற இருவருக்கும் மைனஸ் 18. ஏழு கோல் பள்ளத்தை ஒரே நாளில் நிரப்ப முடியாது. ஆகவே சிட்டி, அந்த இருவரில் ஒருவரையாவது விட நல்ல முடிவு எடுக்கவேண்டும். சிட்டி வென்றால், அவர்களில் ஒருவர் வெல்லாமல் இருந்தால் போதும். சமநிலை என்றால், அவர்களில் ஒருவர் தோற்கவேண்டும். இந்தக் கடைசி வசனத்தை வாசகர் மனதில் வைத்திருக்கவேண்டும். முழு விபத்தும் அதற்குள்தான் இருக்கிறது.

சிட்டி இந்த நிலைக்கு ஒரே நாளில் வரவில்லை. பருவத்தின் முதல் பதினொரு ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது இரண்டே புள்ளி. ஒக்டோபர் கடைசியில் நாலு நாட்களுக்குள் இரண்டு தரம் லிவர்பூலிடம் வாங்கிக் கட்டினார்கள்: லீக் கிண்ணத்தில் 4–0, லீக்கில் 6–0. கடைசி நாளில் எதிரே வந்ததும் அதே லிவர்பூல். ஜோர்ஜியாவிலிருந்து வந்த கின்கிலாட்ஸே பந்தோடு ஓடினால் கண்ணுக்கு விருந்துதான். புள்ளிப் பட்டியலுக்குப் பசி தீரவில்லை. முகாமையாளர் அலன் போல். 1966இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியில் ஆக இளையவர். (பெயரே பந்து. பொருத்தம் பார்த்து வைத்ததுபோல.) இவர் சிட்டிக்கு வந்தது சவுதாம்டனிலிருந்து. 1994இல் அதே சவுதாம்டனைக் கடைசி நாளில் கரையேற்றியவரும் இவர்தான். கடைசி நாள் எப்படியிருக்கும் என்று தெரியாத மனிதர் என்று சொல்ல முடியாது.

ஆறாவது நிமிடத்திலேயே சிட்டி வீரர் ஸ்டீவ் லோமஸின் காலில் பட்டு பந்து சொந்த வலைக்குள் போனது. இடைவேளைக்குச் சற்று முன்னர், அந்தப் பருவத்தோடு லிவர்பூலை விட்டுப் போகவிருந்த இயன் ரஷ் இரண்டாவதைப் போட்டார். லிவர்பூலுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தேவையும் இல்லை. அடுத்த சனிக்கிழமை எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம், அவர்கள் மனம் அங்கே. அப்படியிருந்தும் இரண்டு கோல்.

71ஆவது நிமிடத்தில் சிட்டியின் ரோஸ்லர் பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார். 78இல் சைமன்ஸ் மற்றதை. 2–2. பன்னிரண்டு நிமிடமும் மேலதிக நேரமும் மிச்சம். எதிரணி தளர்ந்துவிட்டது, மைதானம் இரைகிறது. உதைபந்து தெரிந்த எவரும் அந்த நேரம் சொல்வது ஒன்றுதான்: போ, அடி.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வேறொரு மைதானத்தில் போட்டியாளர் பின்னுக்கு நிற்கிறார் என்று. சவுதாம்டன் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வடிவம். பந்தைப் பிடித்து வையுங்கள் என்று ஓரத்திலிருந்து கட்டளை போனது; அது போலின் வாயிலிருந்து போனது என்பதே பலரும் சொல்வது. லோமஸ் பந்தை மூலைக்கொடிப் பக்கம் கொண்டுபோய், எதிராளிக்கு முதுகைக் காட்டி, உடம்பால் மறைத்து நேரத்தைக் கடத்தினார். வயது இருபத்திரண்டு. வென்றுகொண்டிருக்கும் அணி செய்யும் வேலை அது. சிட்டி வென்றுகொண்டிருக்கவில்லை.

சவுதாம்டனில் ஒரு கோலும் விழவில்லை. விம்பிள்டனோடு 0–0. கொவென்ட்ரியிலும் லீட்ஸோடு 0–0.

இதை முதலில் கண்டுபிடித்தவர் சிட்டி வீரர் நியல் குவின். மாற்று வீரருக்கு இடம் விட்டு வெளியே போனவர், உடையும் மாற்றிவிட்டார். உள்ளே தொலைக்காட்சியில் மற்ற ஆட்டங்களின் நிலையைக் கண்டதும் சுரங்கவழியால் ஓடி வெளியே வந்து, ஓரக்கோடு நெடுகப் பாய்ந்து, இன்னொரு கோல் வேணும் என்று கத்திக் கைகாட்டினார். நேரம் போய்விட்டது. மூவரும் 38 புள்ளி. கொவென்ட்ரி பதினாறாவது, சவுதாம்டன் பதினேழாவது, சிட்டி பதினெட்டாவது. அதே நேரம் அதே நகரத்தின் மற்றப் பாதி, யுனைட்டட், மிடில்ஸ்பரோவில் 3–0 என்று வென்று லீக்கைத் தூக்கிக்கொண்டது.

அறை எண் 7

இனி எங்கள் பக்கத்துக் கதை. 1996இல் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜ். அறை எண் 7இல் நாலு கட்டில். ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, தமிழ்ப் பெயரோடு கொழும்பில் அறை எடுத்திருப்பது எப்படியிருந்தது என்று இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படுப்போம். மார்ச் 17இல் லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற இரவு வெடிச்சத்தம் கேட்டு நாங்கள் முதலில் கட்டிலுக்குக் கீழேதான் போனோம். பிறகு வெளியே வந்து, எல்லோருடனும் சேர்ந்து கைதட்டினோம்.

கரவெட்டி அண்ணை 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து, வன்னியால் சுற்றி, கொழும்புக்கு வந்து வெளிநாட்டுக்குக் காத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டுப் பழகிய மனிதர். கொழும்பில் பற்றரி கடையில் வாங்கலாம் என்பதை நம்பவே அவருக்கு ஒரு மாதம் எடுத்தது. வாங்கினாலும் வெயிலில் காயவைத்து, காயவைத்துப் பாவிப்பார். அவருடைய அத்தான் மன்செஸ்டரில், மெயின் ரோட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் குடியிருந்தார். அத்தான் சிட்டி என்றால் அண்ணையும் சிட்டி. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பெரும்பாலான பக்திக்கும் அவ்வளவு காரணம்தான் இருக்கும்.

மட்டக்களப்பு மச்சான் யுனைட்டட் ஆள். அறையில் பாதிச் சண்டைக்கு அதுவே போதும். ஹட்டன் தம்பி அந்த நேரம் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. ஆட்டத்தில் அவ்வளவு பிடிப்பில்லை, சத்தத்தில் பிடிப்பு. நான் மன்னார். எங்கள் கரையில் உதைபந்து என்பது விளையாட்டுக் கணக்கில் வராது, ஊர்க்கடமைக் கணக்கில் வரும். எனக்குக் கட்சி கிடையாது. முடிவுகளை எழுதிவைப்பது மட்டும் என் பழக்கம். சீஆர் கொப்பி ஒன்றில், கோடு போட்டு, பென்சிலால்.

அன்றிரவு மின்வெட்டு. மெழுகுதிரி ஒன்றை சார்டின் தகர மூடியில் நிறுத்தி, நுளம்புத்திரியை அதில் பற்றவைத்து, ஷார்ட்வேவில் லண்டன் ஆங்கில ஒலிபரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நேரடி வர்ணனை ஒன்றுமில்லை. விளையாட்டுச் செய்தியில் முடிவுகளை வாசிப்பார்கள். வாசிப்பது அகரவரிசையில், சொந்த மைதானத்து அணியின் பெயரை வைத்து. அந்த நாளைய பத்து ஆட்டங்களில் கொவென்ட்ரி மூன்றாவதாக வரும். மன்செஸ்டர் சிட்டி ஐந்தாவது, மிடில்ஸ்பரோ ஆறாவது. சவுதாம்டன் ஒன்பதாவது.

அலை வந்து வந்து அமுங்கியது. கொவென்ட்ரி 0, லீட்ஸ் 0. எழுதினேன். சிட்டி 2, லிவர்பூல் 2. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். மிடில்ஸ்பரோ 0, யுனைட்டட் 3. மச்சான் கூவின கூவலில் பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார். அதே கையோடு கரையோர ரயில் வந்தது. லொட்ஜுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். அறை எண் 7இல் ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது எங்கள் வழமை. வானொலி அந்த வழமையை மதிக்கவில்லை. ரயில் போய்த் தீர்ந்தபோது லண்டனில் வெஸ்ட் ஹாமை வாசித்து முடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாவது வரியில் கோல் எழுதும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

பிறகு என்ன நடந்தது என்பதில்தான் இன்றுவரை வழக்கு. ஒன்று மட்டும் நால்வருக்கும் ஒப்பு: சில நிமிடங்களுக்குள், சவுதாம்டன் 1–0 என்று தோற்றுவிட்டது என்று அந்த அறை தெரிந்துகொண்டது. எப்படித் தெரிந்துகொண்டது என்று கேட்க அந்த நேரம் எவருக்கும் தோன்றவில்லை. அண்ணை பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்த கடைசி நூறு ரூபாயை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி சோதனைச்சாவடி இல்லாத பக்கத்தால் போய், பூட்டும் நேரத்தில் இருந்த கடையில் மாலுபாணும் சோடாவும் வாங்கிவந்தான். யுனைட்டட்டுக்குக் கிண்ணம், சிட்டிக்கு உயிர். இரண்டு கட்சியும் ஒரே மெழுகுதிரியில் கொண்டாடிய ஒரே இரவு அது.

செவ்வாய்க்கிழமை சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது, ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் புள்ளிப் பட்டியலைக் கண்டேன். மூன்று முப்பத்தெட்டு ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தது. மூன்றாவதற்கு மேலே கோடு. முடி வெட்டாமல் எழும்பி வந்தேன். அண்ணையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்திரிகையைக் கேட்டு வாங்கிவந்து கட்டிலில் வைத்தேன். அவர் பார்த்தார், மடித்தார், தலையணைக்குக் கீழே வைத்தார். "நூறு ரூவா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சாட்சியங்கள்

மே 28 இரவு மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். தனித்தனி என்றால், ஒருவர் பல்கனியில் நிற்கும்போது மற்றவரிடம். நாலாம் மாடி வீட்டில் அதற்கு மேல் இரகசியம் கிடையாது.

அண்ணை சொல்வது: ரயில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ரயில் போன பிறகு, "சவுதாம்டன் துலைஞ்சுதாம்" என்று வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. வாசல் பக்கக் கட்டில் தம்பியுடையது.

தம்பி சொல்வது: "நான் சவுதாம்டன்ங்கற பேரையே அன்னைக்குத்தாண்ணே மொத மொதல்ல கேட்டேன். எனக்கு எப்புடித் தெரியும்?" ரயிலே வரவில்லை என்கிறான். மச்சான் கூவியதில்தான் ஒருவருக்கும் கேட்கவில்லையாம். கூவிவிட்டு, அண்ணையின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, ஆறுதலுக்கு மச்சான் தானே சொல்லியிருக்கவேண்டும் என்பது அவன் துணிபு.

மச்சான் சொல்வது: "நான் கத்தினது உண்மைதான். மறுகா நான் ஒண்டும் சொல்லல்ல. யுனைட்டட் கப் அடிச்ச நேரத்தில சிட்டிட கணக்கு எனக்கு எதுக்கு?" அவர் கணக்கில் ஐயம் முழுவதும் என்மேல். கொப்பி வைத்திருந்தவன் நான். அறையில் எது எழுதப்பட்டதோ அதுவே உண்மை. ஆகவே எழுதியவனே சொன்னவன்.

நேரத்திலும் ஒப்பில்லை. அண்ணை பத்தரை மணி என்கிறார், மச்சான் பதினொன்றரை என்று நிற்கிறார். இந்த ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் என்னால் விளக்கம் தர முடிந்தது. அதே மே மாதம் 25ஆம் திகதியளவில், மின்சாரம் மிச்சம்பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். பிறகு கொஞ்சக் காலம் எவர் எந்த நேரம் சொன்னாலும் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்போம். மச்சான் அந்த இரவைத் தன் நினைவில் புது நேரத்துக்கு மாற்றி வைத்துவிட்டார். கணக்காய்வில் இதுபோன்ற ஒரு வித்தியாசம் தீர்ந்தால் அன்றைக்குப் பகல் சாப்பாடு நன்றாகச் செல்லும்.

நாலாவது சாட்சி ஒரு நீலக் கடிதம். அத்தான் எழுதிய ஏரோகிராம், சம்பவத்துக்கு மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. அவர் அன்று மைதானத்துக்குள் இருந்தார். ஊர்ப் புதினம், பணம், கடவுச்சீட்டு எல்லாம் எழுதி, மடிக்கும் ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி, பக்கத்தில் இருந்தவன் சவுதாம்டனுக்குக் கோல் விழுந்திட்டுது என்றான், நானும் முன்னுக்கு இருந்தவனுக்குச் சொன்னேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவனுக்கு யார் சொன்னது என்று இல்லை. எங்கள் அறையில் நாலு பேர், அங்கே முப்பதாயிரத்துக்கு மேல். முடிச்சு ஒன்றுதான்.

அந்த முடிவு அவ்வளவு மடத்தனமா?

லோமஸ் பந்தை மூலையில் வைத்திருந்தது பல வருடங்களாகப் பகிடி. எனக்கு அந்தப் பகிடியில் உடன்பாடில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

சிட்டியின் முன் இருந்தது இரண்டு வழி. பந்தைப் பிடித்து வைப்பது, அல்லது மூன்றாவது கோலுக்குப் போவது. வந்த செய்தி ஒன்று சரி, அல்லது பிழை. செய்தி சரியென்றால், பிடித்து வைத்தால் போதும்: சிட்டி 38, சவுதாம்டன் 37. பிழையென்றால், பிடித்து வைப்பது தங்கள் குழியைத் தாங்களே தோண்டுவது. அடிக்கப் போய்க் கோல் விழுந்தால், செய்தி சரியோ பிழையோ தப்பினார்கள். அடிக்கப் போன இடத்தில் பின்னால் வெறுமையாகி, லிவர்பூல் மூன்றாவதைப் போட்டால்? அங்கேதான் போலின் பயம் இருந்திருக்கவேண்டும். செய்தி சரியாக இருந்தால்கூட அந்த ஒரு கோலில் சிட்டியும் 37, சவுதாம்டனும் 37, மைனஸ் வித்தியாசத்தில் சிட்டி கீழே. கையில் இருக்கும் உயிரை வீணாகச் சூதாடியதாக முடிந்திருக்கும். ஆகவே, செய்தியை முழுதாக நம்பிய ஒருவருக்குப் பிடித்து வைப்பது புத்தியான காரியம்தான். முடிவில் பிழையில்லை, முடிவு நின்ற தரையில்தான் பிழை.

என் தொழிலில் இதற்கு ஒரு கேள்வி உண்டு: உறுதிப்படுத்த வழி இருந்ததா, எவ்வளவு தூரத்தில் இருந்தது? இருந்தது. குவின் போய்ப் பார்த்த தொலைக்காட்சி, சுரங்கவழிக்கு அந்தப் பக்கம். ஒரு பெடியனை அனுப்பினால் ஒரு நிமிடம். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்றால், கெட்ட செய்தியாக இருந்தால் அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சவுதாம்டன் கோல் போட்டுவிட்டது என்று ஒருவன் வந்து சொல்லியிருந்தால், பத்துப் பேர் ஓடிப்போய்ச் சரிபார்த்திருப்பார்கள். நல்ல செய்தியிடம் எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. மூன்று சோதனைச்சாவடிக்கு நடுவில் குடியிருந்த எங்களுக்கே அன்றிரவு அது தோன்றவில்லை.

இன்னொன்று. செய்தி சரியாக இருந்திருந்தாலும் அதன் ஆயுள் எவ்வளவு? 85ஆவது நிமிடத்தில் பின்னுக்கு நிற்பவர் 89இல் திருப்பலாம். வேறொரு ஊரில் ஓடும் ஆட்டத்தின் நடுவிலான கோல் கணக்கை நம்பி இங்கே நேரம் கடத்துவது, முடியாத கணக்கை முடிந்ததாக எழுதுவது. இதைத்தான் நான் பெரிய குறையாக எழுதுவேன்.

கடைசி நாள் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குவதன் நோக்கமே, ஒருவரின் முடிவை வைத்து மற்றவர் கணக்குப் போடக்கூடாது என்பதுதான். 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும், அல்ஜீரியாவின் முடிவு முதலே தெரிந்திருந்ததால் 1–0 என்ற கணக்கில் இரண்டு பேரும் தப்பும் விதமாக நடந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு உலகக் கிண்ணத்திலும் கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். அறிந்தவர் ஏமாற்றாதிருக்கப் போட்ட வேலி அது. அரைகுறையாக அறிந்தவர் தன்னைத்தானே ஏமாற்றுவதை எந்த வேலியும் தடுக்காது.

சிட்டிக்கு அதற்குப் பிறகு வந்தது இன்னும் கொடுமை. போல் அதே ஓகஸ்டில் பதவி விலகினார். 1998 மே 3இல், இரண்டாம் நிலையின் கடைசி நாளில், ஸ்டோக் மைதானத்தில் 5–2 என்று வென்றும் மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். அன்று ஒருவரும் பந்தை மூலையில் வைக்கவில்லை. வேறு மைதானங்கள் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான். 2012 மே 13ஐ எல்லோருக்கும் தெரியும்: சிட்டியின் அகுவேரோ, கடைசி நிமிடத்தில் கோல், பிரீமியர் லீக் கைக்கு. அன்று எதிரே நின்ற குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை ஒருவரும் நினைப்பதில்லை. 3–2 என்று தோற்றும் அவர்கள் தப்பினார்கள். போல்டன் ஸ்டோக்கில் 2–2 என்று நின்றுவிட்டதால். தோற்றவனும் வென்றவனும் ஒரே மைதானத்தில் துள்ளினார்கள். அந்த ஆட்டத்தை அண்ணை ரொறன்ரோவில் பார்த்தாராம். அகுவேரோ அடித்தபோது சந்தோஷம் வரவில்லை, "மற்ற ஸ்கோர் என்ன, மற்ற ஸ்கோர் என்ன" என்றுதான் வாயில் வந்தது என்றார். கிண்ணத்துக்குப் போட்டியிட்ட யுனைட்டட்டின் ஆட்டம் முடிந்துவிட்டதா என்று மகனைப் போனில் பார்க்கச் சொல்லி, அவன் காட்டிய பிறகுதான் கதிரையை விட்டு எழும்பியிருக்கிறார்.

எங்கள் சொந்த நாட்டைப் பற்றியும் ஒரு வரி. அந்த 2023 மே மாதத்தில் இலங்கை உதைபந்தாட்டம் ஃபிஃபா தடைக்குள் இருந்தது. ஜனவரியில் போட்ட தடை, ஓகஸ்டில்தான் எடுத்தார்கள். எவர்ட்டன் இறங்குமா என்று நாலு கிழவர்கள் நகம் கடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து பார்த்தால், நாங்கள் இறங்கக்கூட ஓர் இடமில்லாமல் நின்றோம்.

கொப்பி

அண்ணை ரொறன்ரோ திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு, பழைய தகரப் பெட்டியில் ஈபிஎஃப் காகிதங்களுக்கு அடியில் அந்த சீஆர் கொப்பி அகப்பட்டது. கறையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. 05.05.96 என்று தலைப்பு. பத்து வரி, என் பென்சில் எழுத்து. பிந்திய வரிகளில் சில இடம் வெறுமை. வெஸ்ட் ஹாமுக்கு நேரே 1–1 என்று அவசரத்தில் சரிந்த எழுத்து. மூலையில் மெழுகு விழுந்த வட்டம்.

ஒன்பதாவது வரியில் "சவுத் – விம்" என்று என் பென்சில். அதற்கு நேரே, நீலப் பேனையில், 0 – 1.

நான் அந்தக் காலம் பேனை பாவித்ததில்லை. பேனை வைத்திருந்தவர் மச்சான். வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டே இருப்பார். ஆனால் அந்தப் பேனை எந்நேரமும் மேசையில் கிடக்கும். அண்ணை கடிதம் எழுதுவதும் அதே பேனையால், தம்பி கடைக் கணக்கு எழுதுவதும் அதே பேனையால்.

படம் எடுத்து மூவருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டேன். யாருடைய எழுத்து என்று மட்டும் கேட்டேன்.

தம்பி உடனே பதில் போட்டான்: "ஒன்னுங்கற நம்பருக்கு என்னண்ணே கையெழுத்து? ஒரு கோடுதானே."

மச்சான் சிரிக்கும் முகம் நாலு போட்டுவிட்டு, நிறம் மட்டும் தன்னுடையது என்று எழுதினார்.

கனடாவில் விடிந்த பிறகு அண்ணையின் குரல் பதிவு வந்தது. பின்னால் கேத்தில் கொதிக்கும் சத்தம். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன், நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்:

"சைபர் என்ர மாதிரித்தான் கிடக்கு. ஒண்டு நான் போடேல்ல."